மொட்டைமாடியும் வேலியும்: அன்று யாரிடம் கேட்டோம்?

சென்ற பொதுக்குழுக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். நிகழ்ச்சி நிரலில் இருந்தவை இரண்டே விஷயங்கள். ஒன்று, ‘பி’ பிளாக் மொட்டைமாடி ஒழுகல். மற்றொன்று, பின்பக்கத் தோட்டத்துக் கம்பிவேலி. அரைமணி நேரத்தில் முடிய வேண்டிய கூட்டம் இரண்டே கால் மணி நேரம் நடந்தது. ஒழுகலுக்கு ஒருவர் வெள்ளைக் கோட்டிங் என்றார், இன்னொருவர் தார் ஷீட் என்றார், மூன்றாமவர் மாடி முழுவதும் தகரக் கூரை என்றார். வேலிக்கும் அப்படியே: முள்கம்பி, காம்பவுண்டு சுவர், மின்வேலி, செடி. எல்லோரும் யாரையோ கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்கள். கேட்ட ஆள்தான் வேறு வேறு.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கடந்த ஆறு ஆண்டுகளில் அந்த மாடிக்கு நாம் மூன்று முறை பணம் செலவழித்திருக்கிறோம். மூன்றில் இரண்டு முறை காசோலையில் கையெழுத்துப் போட்ட பொருளாளர் நான்தான். வேலைக்கு வந்தவர் சொன்னதையே ஆலோசனையாக எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். மேல்தளத்தில் தனியாக வசிக்கும் அம்மா, மழைக்காலத்தில் படுக்கையறையில் இப்போதும் பிளாஸ்டிக் வாளி வைத்திருக்கிறார். கூட்டத்தில் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

வீட்டுப் பழுதுக்கு நம் ஊரில் யாரிடம் யோசனை கேட்டார்கள், அது எப்போது மாறியது என்று அதன் பிறகு கொஞ்சம் தேடிப் படித்தேன். பழைய கதைதானே என்று ஒதுக்க வேண்டாம். அடுத்த கூட்டத்தில் நாம் எடுக்கப்போகும் முடிவுக்கு அதில் நிறையப் பாடம் இருக்கிறது.

கொத்தனாரே வைத்தியர்

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த வங்கிக் கிளை ஒரு பழைய கட்டடத்தில் இருந்தது. அண்ணாந்து பார்த்தால் தேக்கு உத்தரங்கள் வரிசையாகத் தெரியும். உத்தரங்களுக்கு இடையே மெல்லிய செங்கற்கள் மூலைவாட்டில் குத்தி நிறுத்தப்பட்டிருக்கும். அதற்கு ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று பெயர். ஊர்ப் பெயரைத் தாங்கிய கூரை! மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன் பக்கம் போனால் இன்னும் சில வீடுகளில் பார்க்கலாம்.

அதைக் கட்டும் முறையே ஒரு சடங்கு மாதிரி. கழிமுகங்களில் வாரிய கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்குவார்கள். அதை நீற்றி, மணலோடு சேர்த்துச் செக்கில் அரைப்பார்கள். மெல்லிய செங்கல்லை அந்தச் சாந்தில் தோய்த்து உத்தரங்களின் மேல் குத்துவாட்டில் பதிப்பார்கள். அது இறுகிய பிறகு செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையை மூன்று நான்கு அங்குலக் கனத்துக்குப் பரப்புவார்கள். பிறகு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடிப்பார்கள். ஒருநாள் இரண்டுநாள் வேலையில்லை, பல நாள் வேலை. கடுக்காய் ஊறிய நீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துத் தெளித்து அடிப்பார்கள். கட்டை பதியாமல் எகிறினால்தான் கலவை இறுகிவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் தட்டோடு பதிப்பார்கள். தண்ணீர் நிற்காமல் ஓடிவிட ஒரு பக்கமாக வாட்டம் வைப்பார்கள்.

இந்தக் கூரையில் ஒரு நல்ல குணம் உண்டு. சின்ன விரிசல் விழுந்தால், இறங்கும் மழைநீர் சுண்ணாம்பைக் கொஞ்சம் கரைக்கும். கரைந்த சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து விரிசலுக்குள்ளேயே மறுபடி கல்லாகப் படியும். மயிரிழை விரிசல்கள் இப்படித் தாமாக மூடிக்கொள்ளும். சுவரில் ஏறிய ஈரமும் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே போய்விடும்.

ஆனால் பெரிய விரிசல் தானாக மூடாது. அதற்கு ஆள் வேண்டும். அந்த ஆள், வீட்டைக் கட்டிய கொத்தனார், அல்லது அவருடைய மகன். ஐப்பசி அடைமழைக்கு முன்பே வந்து மாடியில் நடந்து பார்ப்பார். தட்டோட்டைத் தட்டிப் பார்ப்பார். ‘டக் டக்’ என்றால் சரி, ‘டொப் டொப்’ என்றால் அடியில் வெற்றிடம். அந்த இடத்தை மட்டும் எடுத்து மாற்றுவார். எந்த வீட்டில் எந்த மூலை ஒழுகும் என்பது அவருக்கு மனப்பாடம். யோசனை சொல்பவரும் வேலை செய்பவரும் ஒரே ஆள்தான். அதில் ஆபத்து இல்லையா? உண்டு. ஆனால் வேலை சரியில்லை என்றால் அடுத்த மழையில் அவர் அதே தெருவில்தானே நடந்தாக வேண்டும்!

இதை வைத்துக்கொண்டு அந்தக் காலமே பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. மாடி அடித்த பெண்களுக்குக் கிடைத்த கூலி சொற்பம். தொழில்நுணுக்கம் குடும்பத்துக்குள்ளேயே பூட்டி வைக்கப்பட்டது. கொத்தனார் தவறாகச் சொன்னால் சரிபார்க்க வேறு வழியும் கிடையாது. எதையும் எழுதி வைக்கவில்லை. அந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போனபோது, வீடுகளின் வைத்தியக் குறிப்பும் கூடவே போய்விட்டது.

சிமெண்ட் வந்த கதை

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் 1824இல் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். நம் நாட்டில் அதைத் தயாரிக்க எண்பது ஆண்டு ஆனது. 1904இல் சென்னையிலேயே ஒரு நிறுவனம் கடற்சிப்பியைக் கொண்டு சிமெண்ட் செய்து பார்த்தது. அந்த முயற்சி நிலைக்கவில்லை. 1914இல் குஜராத்தின் போர்பந்தரில் தொடங்கியதுதான் நிலைத்தது. பிறகு கோவை அருகே மதுக்கரை, திருச்சி அருகே டால்மியாபுரம், நெல்லை அருகே தாழையூத்து என்று நம் பக்கமும் ஆலைகள் எழுந்தன.

என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும், ஒரு காலத்தில் சிமெண்டுக்குப் பர்மிட் வேண்டும். வீடு கட்டுகிறவர் தாலுகா அலுவலகத்துக்கு நடையாக நடப்பார். 1982இல் கட்டுப்பாடு ஓரளவு தளர்ந்தது, 1989இல் முழுதும் போயிற்று. சென்னையில் அடுக்குமாடிக் கட்டடங்கள் வேகமாக எழுந்ததும் அந்த ஆண்டுகளில்தான்.

சிமெண்ட் சீக்கிரம் இறுகும். கம்பி வைத்த கான்கிரீட் தளம் பல மாடிகளைத் தாங்கும். அது இல்லாமல் நாம் இத்தனை குடும்பங்கள் ஒரே இடத்தில் வசிக்க முடியாது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் நோய்கள் வேறு. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிவரை ஈரம் போய்விட்டால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் அடைக்கும். அதனால் உள்ளிருந்தே கான்கிரீட்டை நெட்டித் தள்ளும். கார் நிறுத்துமிடத்தில் உத்தரத்தின் அடிப்பக்கம் பட்டையாகப் பெயர்ந்து கம்பி தெரிகிறதே, அதுதான் இது. கடற்காற்றில் உப்பு இருப்பதால் நமக்கு இந்தத் தொல்லை அதிகம்.

புதுப் பொருளுக்குப் பழைய வைத்தியமும், பழைய பொருளுக்குப் புது வைத்தியமும் செய்ததில்தான் குழப்பம் தொடங்கியது. பழைய சுண்ணாம்புச் சுவரில் ‘பலமாக இருக்கட்டும்’ என்று சிமெண்ட் பூசினார்கள். வெளியேறி வந்த ஈரம் உள்ளேயே அடைபட்டது. சுவர் உப்பி, பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. சிமெண்ட் தளத்தில் விரிசல் விழுந்தபோதோ, அது சுண்ணாம்பு மாதிரி தானாக மூடிக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள்.

பழைய அறிவில் ஒரு துண்டு மட்டும் புதுக் கட்டடத்துக்கும் கூடவே வந்தது. கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கலவை பரப்பி, வாட்டம் கொடுத்து, தட்டோடு பதிக்கும் வழக்கம். வெயிலையும் மழையையும் அதுதான் தாங்கும். இன்று பல கட்டடங்களில் சுண்ணாம்பு போய் வெறும் சிமெண்ட் கலவை வந்துவிட்டது. நம் ‘பி’ பிளாக்கிலும் அப்படித்தான். கடுக்காயும் இல்லை, கட்டையடியும் இல்லை.

எழுதி வைத்தவர்கள்

கொத்தனாரின் தலைக்குள் இருந்த அறிவை ஏட்டில் ஏற்றும் வேலை வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கியது. சென்னையில் 1794இல் நில அளவைப் பள்ளி வந்தது, பின்னாளில் அதுவே கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆனது. 1847இல் ரூர்க்கியில் பொறியியல் கல்லூரி வந்தது. சுண்ணாம்பை எப்படிச் சுடுவது, கலவை விகிதம் என்ன என்பதெல்லாம் கையேடுகளில் ஏறின. அவை அரசுக் கட்டடங்களுக்காக எழுதப்பட்டவை, ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. தெருக்கோடி மேஸ்திரிவரை அவை வரவில்லை.

1947இல் இரண்டு நல்ல காரியங்கள் நடந்தன. இந்தியத் தர நிறுவனம் தொடங்கியது. இன்றைய பி.ஐ.எஸ். அதன் வாரிசு. ரூர்க்கியில் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் அதே ஆண்டில் வந்தது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு முதன்முதலில் 1970இல் வெளியாயிற்று. கடைசியாக 2016இல் பெரிய அளவில் திருத்தப்பட்டது. மாடியில் சுண்ணாம்புக் கான்கிரீட் போடுவதற்கென்றே தனி இந்தியத் தரவிதி உண்டு என்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது. நம் பாட்டன்மார் கட்டையால் அடித்த வேலை, எண்ணிட்ட விதியாக உட்கார்ந்திருக்கிறது.

சாதாரண மக்களுக்கும் புரிய வேண்டும் என்று நினைத்து எழுதியவர் லாரி பேக்கர். 1917இல் பர்மிங்ஹாமில் பிறந்த ஆங்கிலேயர். 1945இல் இந்தியாவுக்கு வந்து, பிற்பாடு திருவனந்தபுரத்திலேயே தங்கிவிட்டார். குறைந்த செலவில் வீடு கட்டுவதைப் பற்றித் தன் கையாலேயே படம் வரைந்து, பக்கத்துக்கு நாலைந்து வரியோடு சிறு சிறு கையேடுகள் போட்டார். எது வேண்டாத செலவு என்பதையும் அதில் சொல்லிவிடுவார். அதுதான் எனக்குப் பிடித்தது. விற்பதற்கு ஒன்றும் இல்லாதவர் சொல்லும் யோசனையின் ருசியே தனி.

வேலியில் போன ஓணான்

இனி வேலிக்கு வருவோம். நம் ஊர் வேலி பெரும்பாலும் உயிருள்ளதாகவே இருந்தது. கரூர், காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றைச் சுற்றிலும் முள்கிளுவை வேலி. மழைக்கு முன் போத்து வெட்டி நெருக்கமாக நட்டால் வேர்பிடித்துக்கொள்ளும். ஆண்டுக்கொருமுறை கழித்துவிட்டால் அடர்த்தியாகும், காங்கேயம் மாடே தாண்டாது. மற்ற ஊர்களில் ஒதியன், பூவரசு, கல்யாண முருங்கை, நொச்சி, ஆடாதோடை, திருகுகள்ளி. ஆடாதோடையை ஆடுகூடத் தொடாது. எந்த மண்ணுக்கு எந்தச் செடி என்பதைப் பக்கத்து வயல்காரரைக் கேட்டாலே சொல்லிவிடுவார். தான் சொன்ன யோசனை பலித்ததா என்று தினமும் பார்க்கிறவரும் அவரே.

வேலியைப் பற்றிய யோசனை அரசாங்க அளவில் போனால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு கதைகள் உண்டு.

முதல் கதை, வட இந்தியாவின் சுங்க வேலி. உப்பு வரியை ஏய்த்து உப்பு கடத்துவதைத் தடுக்க, சிந்து நதிப் பக்கத்திலிருந்து மகாநதிப் பக்கம் வரை வெள்ளைக்காரர்கள் ஒரு சுங்கக் கோடு போட்டார்கள். 1869 வாக்கில் அதன் நீளம் 2,300 மைல், காவலுக்கு ஏறக்குறைய 12,000 ஆட்கள். முதலில் காய்ந்த முள்ளை வெட்டிப் போட்டார்கள். கரையான் தின்றது, தீப்பிடித்தது, காற்று அடித்துப் போனது. 1867இல் சுங்க ஆணையராக வந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம், பின்னாளில் காங்கிரஸ் தோன்றக் காரணமானவர்களில் ஒருவர், பச்சை வேலியாக வளர்க்க முனைந்தார். எந்த மண்ணுக்கு எந்தச் செடி என்று ஒவ்வொரு பகுதியிலும் நட்டுப் பார்த்தார்கள். கடைசியில் வெற்றி பெற்றவை எவை தெரியுமா? கருவேலம், இலந்தை, களாக்காய், சப்பாத்திக்கள்ளி, கள்ளி. நம் ஊர்க் குடியானவர் பத்து நிமிடத்தில் சொல்லியிருப்பார்! நன்றாக வளர்ந்த இடங்களில் 12 அடி உயரம், 14 அடி அகலம். அத்தனை பாடுபட்டும், 1879இல் சுங்கக் கோட்டையே கைவிட்டார்கள். வேலி இருந்த தடம்கூட இப்போது அநேகமாக இல்லை. உப்பு வரி எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றானதும் வேலிக்கு வேலை இல்லாமல் போயிற்று. வேலி எதற்காக என்ற கேள்விக்குப் பதில் மாறினால், எவ்வளவு நல்ல வேலியும் வீண்தான்.

இரண்டாவது கதை நம் சைதாப்பேட்டையில் தொடங்குகிறது. 1780களின் இறுதியில் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் அங்கே கள்ளித் தோட்டம் ஒன்று வைத்தார். சிவப்புச் சாயம் தரும் கோசினீல் பூச்சியைச் சப்பாத்திக்கள்ளியில் வளர்த்துக் காசு பார்க்கலாம் என்பது திட்டம். சாயத் தொழில் கைகூடவில்லை. சப்பாத்திக்கள்ளி இனங்கள் மட்டும் தென்னிந்தியாவில் வேரூன்றிவிட்டன. மாடு தின்னாது, தண்ணீர் கேட்காது, மடலை ஒடித்துப் போட்டாலே முளைக்கும். வேலிக்கு இதைவிட என்ன வேண்டும் என்று ஊர் ஊராக நட்டார்கள். வேலியைத் தாண்டி அது மேய்ச்சல் நிலங்களை விழுங்கியது. வெட்டினால் வெட்டிய துண்டெல்லாம் முளைத்தது. கடைசியில் 1920களில் இலங்கை வழியாக வேறொரு கோசினீல் பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் சில ஆண்டுகளில் அடங்கியது.

அது அடங்குவதற்குள் அடுத்தது தயாராகிவிட்டது. 1870களில் வறண்ட நிலத்துக்கு ஏற்றது என்று மெக்சிகோ, தென்னமெரிக்கப் பக்கத்துச் சீமைக்கருவேலத்தை வரவழைத்தார்கள். அதுவும் வேலிக்கும் விறகுக்கும் என்றுதான் ஊர்களுக்குள் புகுந்தது. அதற்கு ‘வேலிகாத்தான்’ என்றே பெயர் வைத்தார்கள். இன்று ராமநாதபுரம் கண்மாய்களைப் பாருங்கள், வேலி காத்தான் ஊரையே சுற்றிக்கொண்டான். நீதிமன்றம் உத்தரவிட்டு அகற்றச் சொல்லும் நிலை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்குத்தான் போலும்.

இரண்டு செடிகளிலும் யோசனை சொன்னவர்கள் படித்தவர்கள், நல்லெண்ணம் உள்ளவர்கள். ஆனால் விளைவை அனுபவிக்க அவர்கள் இங்கே இல்லை.

கம்பி யுகம்

கம்பிவலை வந்ததும் ஏறக்குறைய அந்தக் காலம்தான். 1837இல் பிரான்சில் ஸ்தானிஸ்லாஸ் சோரெல் இரும்புக்குத் துத்தநாகப் பூச்சு கொடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நாம் ‘ஜி.ஐ.’ என்று சொல்வது அதைத்தான். 1844இல் இங்கிலாந்தின் நார்விச்சில் சார்ல்ஸ் பர்னார்ட், தறியைப் பார்த்துக் கம்பிவலை பின்னும் இயந்திரம் செய்தார். 1874இல் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்து விவசாயி ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். மரமே இல்லாத அந்தப் புல்வெளியில் மாட்டைத் தடுக்க அதைவிட மலிவான வழி இல்லை.

நமக்கும் கம்பி வசதிதான். ஆனால் ஜி.ஐ. கம்பியின் ஆயுள், துத்தநாகப் பூச்சின் கனத்தைப் பொறுத்தது. பூச்சு மெல்லியதாக இருந்தால் கடலோரத்தில் சில மழைக்காலங்களிலேயே பழுப்பேறிவிடும். முள்கம்பிக்கு ஐ.எஸ். 278, கம்பிவலைக்கு ஐ.எஸ். 2721 என்று தரவிதிகள் இருக்கின்றன. நம் பின்பக்க வேலி போட்டபோது வந்த விலைப்புள்ளியை எடுத்துப் பார்த்தேன். அதில் ‘நல்ல கம்பி’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. தர எண்ணும் இல்லை, கம்பியின் கனமும் இல்லை.

இரும்புக் கால்களையும் போய்ப் பார்த்தேன். எல்லாக் காலும் தரைமட்டத்தில்தான் அரித்திருக்கிறது. மேலே நன்றாகவே இருக்கிறது. காரணம், அடியில் போட்ட கான்கிரீட் தரைக்குக் கீழேயே நின்றுவிட்டது. மேலே மண்ணும் சருகும் சேர்ந்து, காலைச் சுற்றி எப்போதும் ஈரம். கான்கிரீட்டை மண்ணுக்கு மேல் ஒரு சாண் உயர்த்தி, தண்ணீர் வெளிப்பக்கம் ஓடும்படி சரித்து விட்டிருந்தால் இந்தக் கால்களே இன்னும் பல வருடம் வந்திருக்கும். மூலைக்கால்களுக்கு முட்டுக்கால் கொடுக்காததால் வலை தொய்ந்துவிட்டது. இதைச் சொன்னது யார் தெரியுமா? நம் தோட்டத்துக்கு வரும் பெரியவர். அவர் ஊரில் கல்கால் நட்டு வேலி போடுவாராம். நான்கு வருடமாக இங்கே வேலை பார்க்கிறார். அவரை நாம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இன்று யாரைக் கேட்பது?

வரலாற்றைப் படித்து எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். யோசனைக்கு மதிப்பு வர மூன்று விஷயம் வேண்டும்: சொல்பவருக்குப் பொருள் தெரிந்திருக்க வேண்டும், இடம் தெரிந்திருக்க வேண்டும், தவறினால் பதில் சொல்ல வேண்டும். பழைய கொத்தனாரிடம் மூன்றும் ஓரளவு இருந்தன. தரவிதிக்குப் பொருள் தெரியும், நம் மாடி தெரியாது. நமக்குக் கோட்டிங் போட்டவருக்குத் தன் டப்பா மட்டும்தான் தெரிந்தது. உத்தரவாதப் பத்திரம் கொடுத்தார், இரண்டாவது மழையில் அவருடைய போன் எண் மாறிவிட்டது.

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மூன்று முறையும் நாம் அவரிடம் ‘எவ்வளவு ஆகும்’ என்று கேட்டோமே தவிர, ‘தண்ணீர் எங்கிருந்து வருகிறது’ என்று கேட்கவில்லை. கான்கிரீட் மாடியில் தண்ணீர் பெரும்பாலும் நடுத்தளத்தில் இறங்குவதில்லை. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், பிற்பாடு துளை போட்டு நட்ட கம்பங்களின் அடி, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். குழாய் வாயை அடைத்து, பகுதி பகுதியாகத் தண்ணீர் கட்டி ஒருநாள் இரண்டுநாள் விட்டுப் பார்த்தால் எந்தப் பகுதி என்று தெரிந்துவிடும். செலவு, ஒரு லாரித் தண்ணீர். அந்த அம்மாவின் படுக்கையறைக்கு நேர் மேலே டிஷ் ஆண்டெனாக் கம்பம் ஒன்று போல்ட் போட்டு நிற்கிறது. அதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆறு ஆண்டுகளாக யாரும் அதைச் சோதிக்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். மொட்டைமாடியும் காம்பவுண்டும் பொதுப் பகுதி. 1994ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்துக்குப் பதிலாக 2022ஆம் ஆண்டின் புதுச் சட்டம் வந்து, 2024இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. பொதுப் பகுதியின் பராமரிப்பு உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்து ஏற்க வேண்டிய பொறுப்பு. மேல்தளத்து ஒழுகல் மேல்தளத்தார் பாடு என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னது சரியல்ல. நமக்குக் காலம் கடந்துவிட்டாலும், புது வீடு வாங்கும் உங்கள் பிள்ளைகளுக்கு இது பயன்படும்: 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் தெரியும் கட்டுமானக் குறைகளை, தெரிவித்த 30 நாளுக்குள் கட்டுநர் தன் செலவிலேயே சரிசெய்து தர வேண்டும்.

அடுத்த பொதுக்குழுவில் நான் மூன்று தீர்மானங்களை முன்மொழியப் போகிறேன்.

ஒன்று, தண்ணீர் கட்டிச் சோதித்துப் பார்க்காமல் மாடிக்கு இனி ஒரு ரூபாயும் செலவிடக் கூடாது. சோதனையைப் பார்வையிட, எந்தப் பொருளையும் விற்காத ஒரு கட்டடப் பொறியாளருக்குத் தனியாகக் கட்டணம் கொடுத்து அழைப்போம். அவர் எழுதித் தந்த பிறகே விலைப்புள்ளி கேட்போம்.

இரண்டு, வேலி எதற்கு என்று முதலில் முடிவு செய்வோம். திருட்டுக்கா, மாட்டுக்கா, பார்வைக்கா? மாட்டுக்கும் பார்வைக்கும் என்றால், இருக்கும் கால்களில் தேறுவதை அடியில் சரிசெய்து, கம்பியை ஒட்டி உள்பக்கம் நொச்சியும் ஆடாதோடையும் நடுவதே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. கொசுவுக்கும் சளிக்கும் ஆகும். திருட்டுக்கு என்றால் அது வேறு கணக்கு, அதைத் தனியே பேசுவோம்.

மூன்று, ஒரு பேரேடு. முப்பத்தைந்து வருடம் பேரேட்டோடு வாழ்ந்தவன் வேறு என்ன கேட்பேன்! எந்தத் தேதியில், எந்த இடத்தில், என்ன பழுது, யார் பார்த்தார்கள், என்ன பொருள் போட்டார்கள், அடுத்த மழையில் என்ன ஆயிற்று. கடைசிக் கட்டம்தான் முக்கியம். கொத்தனார் தலைக்குள் இருந்த ஏடு அதுதான். அவர் போய்விட்டார், ஏட்டையாவது நாம் எழுதுவோம். நாளைக்கு இங்கே குடிவரும் பிள்ளைகள் நம்மைப் போல மூன்று முறை பணம் கட்ட வேண்டாம்.

நோட்டு வாங்கிவிட்டேன். முதல் பக்கத்தில், நான் கையெழுத்துப் போட்ட இரண்டு காசோலைகளின் விவரத்தையும் ‘பயன்: இல்லை’ என்று எழுதி வைத்திருக்கிறேன். சங்க அலுவலகத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டு ஒழுகலையும் விரிசலையும் வந்து பதியுங்கள். மேல்தளத்து அம்மாவிடம் நானே போய்க் கேட்டு எழுதிக்கொள்கிறேன். ஐப்பசி மழை ஆரம்பிப்பதற்குள் அந்த வாளியை எடுத்துவிட வேண்டும்.